வெயில் ஏறினால் அணையும் கம்ப்யூட்டர்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கிறவன் நான். சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே ரகம். "தம்பி, சிஸ்டம் பட்டுனு ஆஃப் ஆயிடுது."

பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "எப்போ ஆஃப் ஆகுது?"

ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி சொன்னார்: "காலைல நல்லாத்தான் ஓடுது. பதினோரு மணிக்கு மேல நாலு தடவ நின்னுபோவுது." எனக்கு முன்னால் வந்தவர் வைரஸ் என்று சொல்லி இரண்டு தடவை ஃபார்மேட் அடித்து, ரேமையும் மாற்றியிருந்தார். வைரஸ் வெயில் பார்த்தா வரும்? அறைச் சூடு 10 டிகிரி ஏறினால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் சூடும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். காலையில் விளிம்பில் நிற்பது, உச்சிவேளையில் விழுந்துவிடும்.

போனதும் ஆன் செய்து டெலிட் கீயைத் தட்டி, விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங் திரையான பயாஸுக்குள் நுழைந்தேன். சூட்டைக் காட்டும் இடம் அங்கேயே உண்டு, தனியாக எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். வேலையே எதுவும் ஓடாத அந்தத் திரையில், இரண்டே நிமிடத்தில் எண் 60-லிருந்து 90-க்குப் போனது. பெரும்பாலான பிராசஸர்கள் 95, 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால்தான் அணையும். அதனால், அணைவதற்குக் கொஞ்சம் முன்பு சிஸ்டம் ஆமையாக நகர்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் பெரும்பாலும் சூடுதான்.

"ஃபேன்தான் சுத்துதே தம்பி" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேனைக் கழற்றினேன். அடியில், பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளின் மேல் கம்பளித்துணி விரித்த மாதிரி தூசி. விரலால் தூக்கினால் ஒரே துண்டாக வருகிறது. ஃபேன் சுற்றி என்ன, காற்று உள்ளே போனால்தானே! மிச்சத்தை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். புளோயர் அடிப்பவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றவிட்டால் அதன் பேரிங் போய்விடும்.

தூசி போயும் எண் 80-க்குக் கீழே இறங்கவில்லை. ஹீட் சிங்கை மெல்ல அசைத்தேன். ஒரு மூலை ஆடியது. நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மதர்போர்டு துளையில் முழுசாக இறங்கவில்லை. ஒரு மூலை தூக்கியிருந்தால் பிராசஸரோடு அது ஒட்டி உட்காராது. இடையில் சூட்டைக் கடத்துவதற்காகப் பூசியிருந்த பேஸ்ட்டும் காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். தோசை மாவு மாதிரி தாராளமாக ஊற்றக் கூடாது. பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்லும். அந்த மே மாத மதியத்தில் எண் 48-இல் நின்றது.

பிராசஸர் 60, 65-இல் நிற்கும்போதே அணைந்தால், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் போகும். அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைசியாக, மூன்று பக்கமும் அடைத்த கம்ப்யூட்டர் மேசைக்குள்ளிருந்து பெட்டியை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தப் பழைய ரேமு நல்லாத்தானே இருந்திருக்கும்?"

இருந்திருக்கும். மாற்றியவர் அதைக் கையோடு கொண்டுபோய்விட்டாராம்.