சோடா உடைக்கும் நேரம்

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, எல்லை ஊரான இந்தக் குமுளியில் நின்று பேசுவதால் ஏலக்காட்டிலிருந்தே தொடங்குகிறேன். காய் எடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வியர்வை கொட்டுகிறது. நாம் என்ன செய்கிறோம்? மாரடைப்பாக இருக்கலாம் என்று நினைக்காமல், வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்க ஆள் அனுப்புகிறோம். கேட்கவில்லை என்றால் இஞ்சிச் சாறு. ஒரு ஏப்பம் வந்துவிட்டால் அனைவருக்கும் நிம்மதி. ஜீப் தேடும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும். ஊரைக் குறை சொல்லவில்லை. என் தாய்மாமாவுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தவன் நான்தான்.

2014 முதல் 2016 வரை கேரளத்தின் 63 மருத்துவமனைகளில் மாரடைப்பு நோயாளிகள் 21,374 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு சரிபார்ப்புத் தாள். விட்டுப்போனது என்ன என்று மருத்துவமனைக்கே காட்டும் கணக்கு. ஊழியர்களுக்கு அவசர சிகிச்சைப் பயிற்சி. சிகிச்சை ஒழுங்கானது. 30 நாளுக்குள் மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், பெரிய ரத்தக்கசிவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆளானவர்கள் பழைய முறையில் 6.4 சதவீதம், புதிய முறையில் 5.3. கைதட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பொதுவாகவே வந்துகொண்டிருந்த முன்னேற்றத்தைக் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை.

ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். தாள் மருத்துவமனை வாசலில்தான் தொடங்குகிறது. நம் ஆட்களின் நேரமோ வாசலுக்கு வெளியே, சோடாக்கடையில் தீர்ந்துபோகிறது.

வாசலுக்குள் போன 10 நிமிடத்தில் இசிஜி எடுக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைத்திருந்தால், அந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தகுதியானவர்களுக்குச் சிறிய மருத்துவமனையிலும் போடலாம். வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அதற்குப் பலன் அதிகம். 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் வீண். ஆகவே கோட்டயமா தேனியா என்ற வாக்குவாதம் பிறகு. எந்தப் பக்கத்துக் காப்பீட்டு அட்டை செல்லும் என்பது அதற்கும் பிறகு. கீழே தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் என்று மொத்தம் 14 மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுத்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். காய்ச்சலுக்கு ஊசி போடும் இடம் என்று மட்டும் அதை நினைக்காதீர்கள்.

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே வராமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். "நேற்று ராத்திரி தூங்கவில்லை" என்று அக்கா சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

மேற்பார்வையாளர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இரவிலும் இசிஜி எடுக்கும் இடம் எது? நாளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். பதிலைக் காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவரில், 108-க்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள், தமிழிலும் மலையாளத்திலும்.