வண்டியில் மாட்டும் போன்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உணவு, மருந்து, கூரியர் என்று நாள் முழுக்க வண்டியில் அலைபவர்களுக்கும், பைக் டாக்சி ஓட்டுபவர்களுக்கும் போன்தான் தொழில் கருவி. ஆனால் கடையில் இரண்டு போன்களை ஒப்பிடும்போது நம் கண்ணில் படுவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்கள்: கேமரா 108 மெகாபிக்சல், வெளிச்சம் 4,500 நிட்ஸ், ரேம் 8 கூட்டல் 8. இந்த வேலைக்கு அவற்றால் பெரிய பயன் கிடையாது.

முதலில் திரையைப் பார்ப்போம். 4,500 நிட்ஸ் என்பது வீடியோ ஓடும்போது திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் எட்டும் உச்ச வெளிச்சம். உச்சி வெயிலில் மேப் தெரிய வேண்டுமென்றால், முழுத் திரையும் ‘ஹை பிரைட்னஸ் மோட்’டில் எவ்வளவு தருகிறது என்று கேளுங்கள். 1,000 நிட்ஸுக்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம். விலை குறைந்த எல்.சி.டி. திரைகள் பல 500, 600 நிட்ஸோடு நின்றுவிடும். ஆட்டோ பிரைட்னஸைப் போட்டுவிட்டு, கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பாருங்கள். பல போன்களில் ஆட்டோ போட்டிருந்தால்தான் அந்த அதிக வெளிச்சமே வரும்.

அங்கேயே இன்னொன்றையும் சோதித்துவிடலாம். மேப்பைத் திறந்து, நின்ற இடத்திலேயே உடம்பை மெல்லத் திருப்புங்கள். நீலப் புள்ளியிலிருந்து விரியும் ஒளிக்கற்றையும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் அந்தப் போனில் திசைகாட்டி சென்சார் இல்லாமல் இருக்கலாம். மலிவான சில மாடல்களில் அதை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத போன், வண்டி நகர்ந்த பிறகுதான் எந்தப் பக்கம் போகிறோம் என்பதைக் கண்டுகொள்ளும். நாற்சந்தியில் நிற்கும்போது தடுமாற வைக்கும். காந்த ஹோல்டரும் இந்த சென்சாரைக் குழப்பும்.

ஹோல்டர் என்றதும் கேமராவைச் சொல்லியாக வேண்டும். ஓ.ஐ.எஸ். உள்ள கேமராவில் கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸ் அசையும்படி அமைத்திருப்பார்கள். அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக வந்தால் இந்த அமைப்பு கெடலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. கெட்டால் போட்டோ மங்கலாகும், டெலிவரிக்குச் சான்றுப் படம் எடுக்க முடியாது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் டேம்பர் வைத்த ஹோல்டரை வாங்குங்கள். இந்த வேலைக்கு மட்டும் என்றால் ஓ.ஐ.எஸ். இல்லாத போனே போதும் என்பேன்.

அடுத்தது சூடு. மேப், டேட்டா, முழு வெளிச்சம், சார்ஜ், மேலே வெயில் எல்லாம் சேர்ந்தால் போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கலாக்கும், சார்ஜையும் நிறுத்தும். 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தும்படிதான் ஐபோனுக்கே சொல்லியிருக்கிறார்கள். வேலூரின் மே மாத வெயிலோ 40ஐத் தாண்டும். சூடு பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும். அதனால் ஓட்டும்போதே சார்ஜ் போடுவதைவிட, சாப்பாட்டு நேரத்தில் நிழலில் அரை மணி நேரம் போடுவது நல்லது. வேக சார்ஜர் உண்மையில் உதவுவது அப்போதுதான். பவர் பேங்க் வாங்குவதானால், 10,000 என்று போட்டிருந்தாலும் வெளியே வருவது ஏறத்தாழ 6,000 எம்.ஏ.எச். தான். 5,000 பேட்டரியை ஒரு முறை நிரப்பலாம், கொஞ்சம் மிஞ்சும்.

8 கூட்டல் 8 ரேமில் இரண்டாவது 8, சேமிப்பிடத்திலிருந்து எடுத்த கடன். வேகத்தில் நிஜ ரேமுக்கு அது ஈடாகாது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். சேமிப்பிடம் இ.எம்.எம்.சி. வகையா, யு.எஃப்.எஸ். வகையா என்றும் கேளுங்கள், யு.எஃப்.எஸ். பல மடங்கு வேகமானது. ரேம் நிறைய இருந்தும் ஆர்டர் மணி அடிக்கவில்லை என்றால், பேட்டரியை மிச்சப்படுத்த அந்தச் செயலியைப் போனே மூடியிருக்கும். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரி பகுதிக்குப் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். சில போன்களில் ‘ஆட்டோஸ்டார்ட்’ அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்பதை விலைக்குச் சமமாக மதியுங்கள். பணம் வாங்குவதும் அனுப்புவதும் இதே போனில்தானே. சாம்சங் ஏ16 5ஜி போன்ற நடுத்தர விலைப் போனுக்கே 6 வருடம் உறுதி தந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குபவர்கள் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

பழைய போன் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்துங்கள். வருகிற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனின் அடையாள எண், பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். முடக்கப்பட்டது என்றோ, அதே எண் வேறு போனிலும் உள்ளது என்றோ பதில் வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வணக்கம்.