உழுதவரும் கணக்குப் பார்க்கட்டும்

(கால்பந்துக் கழகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முடிந்த பிறகும் இந்தத் திடலின் கதவைப் பூட்டாமல் நமக்காகத் திறந்து வைத்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, மாவட்டக் கால்பந்துக் கழகச் செயலாளர் அவர்களே, ரயில்வே அணிக்கு ஆடி ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் விசிலோடு வந்து நிற்கும் எங்கள் மூத்த பயிற்சியாளர் அண்ணன் அவர்களே, திட்டு வாங்கியே பழகிப்போன நடுவர் நண்பர்களே, துவைத்துத் துவைத்து எண் அழிந்துபோன ஜெர்சிகளை மறுபடியும் துவைத்து அனுப்பும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய வார்டு உறுப்பினர் அவர்களுக்கும், நினைவுப் பரிசு தந்த வணிகர் சங்கப் பெருமக்களுக்கும் தனித்தனியே நன்றி. மேடைக்கு மேடை சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: அடுத்த ஆண்டு பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

வெளிநாட்டில் ஆடிப் பெயர் பெற்ற ஒரு வீரரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தேர்ந்தெடுத்தவர் ஜார்ஜியா நாட்டின் க்விச்சா க்வாரத்ஸ்கேலியா. வாயில் நுழையாத பெயர்தான். இத்தாலியின் நாப்போலி அணி ரசிகர்கள், தங்களுக்காக ஆடிய மரடோனாவின் பெயரோடு சேர்த்து ‘க்வாரடோனா’ என்றே கூப்பிட்டார்கள். நாம் சுருக்கமாகக் க்வாரா என்று வைத்துக்கொள்வோம். மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அவர் வளர்ந்து வந்த பாதை. இரண்டு, பிறந்த மண்ணை விட்டுப்போய் வேறு மொழி, வேறு குளிர், வேறு சாப்பாடு என்று வாழும் ஆட்டக்காரரின் வாழ்க்கை. மூன்று, ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கு வருவதற்கு முன், நம் ஊர்ப் பழமொழி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.

ஜார்ஜியா கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலையடியில் உள்ள நாடு. மக்கள்தொகை நாற்பது லட்சத்துக்கும் குறைவு. ஆனால் கால்பந்தில் அது நேற்று முளைத்த நாடு அல்ல. சோவியத் காலத்திலேயே தினமோ திபிலிசி அணி 1981-இல் ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பையைத் தூக்கியது. இறுதி ஆட்டம் ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் நடந்தது. கார்ல் ஜைஸ் யெனா அணியை 2-1 என்று வென்றார்கள். 1991-இல் நாடு விடுதலை அடைந்தது. அதோடு உள்நாட்டுப் போரும் மின்சாரம் இல்லாத குளிர்காலங்களும் வந்தன. ஆடத் தெரிந்தவர்கள் வெளியே போனார்கள். ஜியார்ஜி கின்க்லாட்ஸே மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். 1996-இல் சவுத்தாம்ப்டன் அணிக்கு எதிராக அவர் போட்ட கோலை அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். காகா கலாட்ஸே உக்ரைனின் கீவ் அணி வழியாக இத்தாலியின் மிலான் அணிக்குப் போய், ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் பட்டத்தை 2003, 2007 என்று இரண்டு முறை வென்றார். பின்னாளில் திபிலிசியின் மேயரும் ஆனார். ஊரில் உழுதார்கள், வெளியூரில் அறுவடை நடந்தது.

க்வாரா 2001 பிப்ரவரி 12 அன்று திபிலிசியில் பிறந்தார். அப்பா பத்ரியும் கால்பந்து வீரர்தான். ஜார்ஜியாவில் பிறந்து, பக்கத்து நாடான அஜர்பைஜானின் தேசிய அணிக்கு ஆடியவர். மகன் தினமோ திபிலிசியின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்து, 2017-இல் பதினாறு வயதில் முதல் அணிக்கு ஆடினார். அடுத்த ஆண்டு ஜார்ஜியாவின் ருஸ்தாவி நகரத்து அணி. அப்புறம் மாஸ்கோவின் லோகோமோட்டிவ், அங்கிருந்து இன்னொரு ரஷ்ய அணியான ரூபின் கசான். 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மார்ச் மாதம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். பெரிய லீக்கிலிருந்து பெரிய லீக்குக்குத் தாவ வேண்டிய வயதில் கருங்கடல் ஓரத்துப் பத்துமி நகரத்து அணிக்கு வந்து ஆடினார். 11 ஆட்டங்கள், 8 கோல். யாரும் அதைச் சறுக்கல் என்று சொல்ல முடியாதபடி ஆடினார். அந்தக் கோடையிலேயே நாப்போலி அவரை வாங்கியது. விலை சுமார் ஒரு கோடி யூரோ என்று செய்தி வந்தது. ஐரோப்பியச் சந்தையில் அது கொசுறு விலை.

நாப்போலியில் என்ன செய்தார்? ஒரே ஒரு கோலைச் சொல்கிறேன், அது போதும். 2023 மார்ச், அட்டலாண்டா அணியோடு ஆட்டம். சக வீரர் ஒசிமென் தள்ளிய பந்து பெனால்டி பெட்டிக்குள் இவர் காலுக்கு வருகிறது. முன்னால் ஒரே கூட்டம். வலப்பக்கம் போவது போல உடம்பைச் சாய்க்கிறார், இடப்பக்கம் இழுக்கிறார், மறுபடியும் வலப்பக்கம். தடுப்பவர்கள் ஒவ்வொருவராக வழுக்கி விழுகிறார்கள். கோல் கீப்பர் கால் ஊன்றுவதற்குள் பந்து வலையின் கூரையில். கணுக்கால் வரை இறங்கிக் கிடக்கும் காலுறையோடு அந்தப் பையன் ஓடுகிற ஓட்டத்தைப் பாருங்கள். வலக்கால் ஆட்டக்காரர் இடது ஓரத்தில் நின்று உள்ளே வெட்டி வருகிற கலைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டு நாப்போலி இத்தாலிய லீக்கை வென்றது. மரடோனா ஆடிய 1990-க்குப் பிறகு, 33 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பட்டம். லீக்கின் சிறந்த வீரர் விருதும் க்வாராவுக்கே.

இனி நான் சொல்லப்போவது என் மனத்துக்கு மிகவும் பிடித்த சம்பவம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் 26, திபிலிசி. ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெறக் கடைசி ஆட்டம், எதிரே கிரீஸ். தொண்ணூறு நிமிடம் ஓடியது, கோல் இல்லை. கூடுதல் நேரமும் முடிந்தது, கோல் இல்லை. பெனால்டிக்கு வந்துவிட்டார்கள். ஜார்ஜியாவின் கீப்பர் மமர்தஷ்விலி நெட்டையான ஆள், கையை விரித்தால் பாதி வலை மறையும். ஒரு பந்தைத் தடுத்தார். கடைசியில் க்வெக்வெஸ்கிரி என்ற வீரர் நடந்து வந்து உதைத்தார். உள்ளே போனது. 4-2. அரங்கமே திடலுக்குள் இறங்கிவிட்டது. விடுதலைக்குப் பிறகு அந்த நாடு பெரிய போட்டி ஒன்றுக்குப் போனது அதுவே முதல் முறை.

கோப்பை நடந்த ஜெர்மனிக்குப் போனார்கள். வந்திருந்த 24 அணிகளில் தரவரிசையில் கடைசி அணி இவர்கள்தான். முதல் ஆட்டம் துருக்கியிடம் தோல்வி, 3-1. இரண்டாவது ஆட்டம் செக் அணியோடு, 1-1. இறுதி விசிலுக்குச் சில நொடிகள் இருக்கும்போது ஜார்ஜியர்களுக்குப் பந்து கிடைக்கிறது. மூன்று பேர் ஓடுகிறார்கள், தடுக்க ஆள் இல்லை என்றே சொல்லலாம். அவர்களில் ஒருவர் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது! இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு திடலில் அப்படி ஒரு பந்தை மேலே அடித்திருப்போம். நம்மைப் பார்த்தது நாலு பேர், அவரைப் பார்த்தது உலகம்.

மூன்றாவது ஆட்டம், ஜூன் 26, கெல்சன்கிர்ஷன் நகரம். எதிரே போர்ச்சுகல். வென்றே ஆக வேண்டும். எதிரணியில் ரொனால்டோ நிற்கிறார். க்வாராவுக்குச் சின்ன வயதிலிருந்தே அவர்தான் கடவுள். ஒரு காலத்தில் ரொனால்டோ திபிலிசிக்கு வந்து தினமோ பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகளைச் சந்தித்தார். அந்தப் பிள்ளைகளோடு அவர் நின்ற புகைப்படத்தில் நம்முடைய க்வாராவும் ஒரு சிறுவனாக இருக்கிறான். அதே பையன் இன்று எதிரே நிற்கிறான். ஆட்டத்துக்கு முன் ரொனால்டோவே தேடி வந்து வாழ்த்துச் சொன்னாராம். க்வாராவே பிறகு சொன்ன செய்தி இது. வாழ்த்து வாங்கிய பையன் என்ன செய்தான்? இரண்டாவது நிமிடம். போர்ச்சுகல் தடுப்பாட்டக்காரர் அந்தோனியோ சில்வா தவறாகத் தள்ளிய பந்தை ஜார்ஜியாவின் மிகவுதாட்ஸே பறித்தார். நடுத்திடலிலிருந்து ஓடினார், ஓடினார், சரியான நொடியில் இடப்பக்கம் தள்ளினார். அங்கே க்வாரா. இடக்காலால் தரையோடு தரையாக, கீப்பரைத் தாண்டித் தூரத்து மூலைக்கு. கோல்! பிறகு மிகவுதாட்ஸே பெனால்டியில் இன்னொன்று. 2-0. கடைசி இடத்து அணி அடுத்த சுற்றுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் ரொனால்டோ தம் சட்டையை இவருக்குக் கொடுத்தார்.

அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் 4-1 என்று தோற்றார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதல் கோல் அன்றும் ஜார்ஜியாவின் கணக்கில்தான் விழுந்தது.

என் மனம் திரும்பத் திரும்ப அந்தப் புகைப்படத்துக்கே போகிறது. படம் எடுத்தவர் கண்ணுக்கு அன்று தெரிந்தது ரொனால்டோ ஒருவர்தான். சுற்றி நின்ற பிள்ளைகளில் எவன் எவன் யார் என்று யார் கேட்டிருப்பார்கள்? தினமும் கூப்பிட்டு, வரிசையில் நிறுத்தி, வலக்கால் இடக்கால் என்று சொல்லிக் கொடுத்த பயிற்சியாளருக்குத்தான் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். அவர் வேலை படத்தில் விழாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே அவரைக் கணக்குப் பார்க்கவிடாமல் செய்துவிட்டோம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இரண்டாவது செய்தியை, வெளிநாட்டு வாழ்க்கையை, விரிவாகப் பேச ஆசைதான். செயலாளர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். அது இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும்.

2025 ஜனவரியில் க்வாரா நாப்போலியை விட்டுப் பிரான்ஸின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணிக்கு மாறினார். விலை சுமார் 7 கோடி யூரோ என்று செய்தி. அந்த ஆண்டு மே 31 அன்று மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என்று வென்று பாரிஸ் முதல் முறையாகச் சாம்பியன்ஸ் லீக் பட்டம் பெற்றது. நான்காவது கோல் இவருடையது. எல்லோரும் அந்தக் கோலைப் பார்த்தார்கள். நான் அந்த 7 கோடியைப் பார்க்கச் சொல்கிறேன்.

உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அமைப்பின் விதி ஒன்று இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒரு வீரர் நாடு விட்டு நாடு விலைக்கு மாறினால், அந்த விலையில் 5 விழுக்காட்டை எடுத்து, 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு மொத்த விலையில் கால் விழுக்காடு. 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை விழுக்காடு. இது தானமோ அன்பளிப்போ இல்லை, வளர்த்தவனின் உரிமை.

இப்போது போட்டுப் பாருங்கள். 12 வயது முதல் 16 வயது வரை க்வாரா தினமோ திபிலிசியின் பிள்ளை. நாலு கால், ஓர் அரை, ஆக ஒன்றரை விழுக்காடு. 7 கோடியில் ஒன்றரை விழுக்காடு என்றால் பத்து லட்சம் யூரோவுக்கு மேல்! ருஸ்தாவி ஒரே ஒரு பருவம் ஆடவிட்டது. அதற்கு அரை விழுக்காடு, மூன்றரை லட்சம் யூரோ. விதிப்படி வரும் பங்கைச் சொல்கிறேன். ஒரு சின்ன நகரத்துக் கிளப்புக்கு மூன்றரை லட்சம் யூரோ என்றால் எத்தனை பந்து, எத்தனை பயிற்சியாளருக்குச் சம்பளம், யோசியுங்கள்.

ஆனால் இந்தப் பங்கு பல காலம் பலருக்குப் போய்ச் சேரவில்லை. வர வேண்டியதில் பெரும்பகுதி வருவதில்லை என்று ஃபிஃபாவே ஒப்புக்கொண்டது. ஏன்? கேட்கவேண்டும் என்றே பாதிக் கிளப்புகளுக்குத் தெரியாது. கேட்டவர்களிடமும் பையன் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஆடினான் என்பதற்குப் பதிவு கிடையாது. அதனால்தான் 2022 நவம்பரில் பாரிஸில் ஃபிஃபா ஒரு தீர்வகத்தைத் தொடங்கியது. வீரரின் பதிவுகளைக் கணினியில் கோத்து ஒரு கடவுச்சீட்டு போலத் தயாரித்து, யாருக்கு எவ்வளவு என்று அதுவே பிரித்து அனுப்புகிறது. ஆனால் கணினிக்குள் பெயர் இருந்தால்தான் பணம் வரும். பெயர் இல்லாதவனுக்கு எந்தத் தீர்வகமும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த விதி திபிலிசிக்கு மட்டும் இல்லை. தேசியச் சங்கத்தின் கீழ் முறையாகப் பதிந்த எந்தக் கிளப்புக்கும் உண்டு, நம் திடலில் காலை வெயிலில் ஓடும் பிள்ளைகளை வளர்க்கிற கிளப்புக்கும் உண்டு. நம் பிள்ளை நாளைக்குப் பாரிஸுக்குப் போவானா என்று கேட்காதீர்கள். கடைசி இடத்து அணி போர்ச்சுகலை வெல்லும் என்று யார் சொன்னார்கள்? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழைய வயலுக்குச் சரி. இந்த வயலில் கணக்கு எழுதாதவனுக்குத்தான் உழக்குகூட மிஞ்சாது.

அதனால் செயலாளர் அவர்களிடமும் தலைமையாசிரியர் அவர்களிடமும் மேடையிலேயே கேட்கிறேன். மாவட்டத்தில் பன்னிரண்டு வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், பிறந்த தேதியும், சேர்ந்த நாளும், எந்தக் கிளப் என்பதும் இந்தப் பருவம் தொடங்குமுன் பதிவாக வேண்டும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும். பெற்றோர் பிறப்புச் சான்றிதழ் நகலோடு வாருங்கள். படிவங்களை மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். இரவு ஒன்பது மணி வரை தம்பிகள் அங்கே இருப்பார்கள். எழுதத் தயங்குபவர்களுக்கு அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். நன்றி, வணக்கம்.