கேட்டுக்குள்ள எத்தனை பேர், பாலிசில எத்தனை பேர்?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்த நேரத்துல ஆலத்தூர் சிட்கோ மருந்து எஸ்டேட்ல ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல உக்காந்து போன்ல ரேடியோ கேட்டுட்டு போறவங்க சில பேராவது இருப்பீங்க, கம்பெனி நடத்துறவங்களும் இருப்பீங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து தான் பேசப்போறேன். நான் 22 வருஷமா இன்சூரன்ஸ்ல பேக்டரி க்ளெய்ம் பாக்குற வேலையில இருக்கேன், அதுல பாதிக்கு மேல மருந்து கம்பெனிங்க தான். வேலை செய்யுற இடத்துல ஒருத்தருக்கு அடிபட்டா அதுக்கு முதலாளி குடுக்க வேண்டிய நஷ்ட ஈட்ட முதலாளிக்கு பதிலா இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்குற பாலிசி ஒண்ணு இருக்கு, எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன் பாலிசின்னு பேரு, ஆனா எல்லாரும் இன்னும் பழைய பழக்கத்துல டபிள்யூ.சி., அதாவது ஒர்க்மென்ஸ் காம்பென்சேஷன் பாலிசின்னு தான் சொல்றோம். அதப்பத்தி தான் இன்னைக்கு.

முதல்ல ஒரு சம்பவம் சொல்லிடுறேன், எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. மாத்திரைக்கான மூலப்பொருள் தயாரிக்கிற சின்ன யூனிட். டொலுவீன்ங்கற சீக்கிரம் தீப்பிடிக்கிற திரவம் இருக்குற ரியாக்டர்ல, அதாவது ரசாயனம் கலக்குற பெரிய கலன்ல, பவுடர் போடணும், மேல மேன்ஹோல் மூடியத் திறந்து பிளாஸ்டிக் கவர் உள்ள வச்ச மூட்டையில இருந்து பவுடர அப்படியே கொட்டியிருக்காங்க. பவுடர் பிளாஸ்டிக்க உரசிக்கிட்டு இறங்கும்போது ஸ்டேட்டிக் சார்ஜ் ஏறும், மேன்ஹோல் வாயில டொலுவீன் ஆவி நிக்குது, நைட்ரஜன் போட்டு உள்ள இருக்குற காத்த வெளிய தள்ளியிருக்கணும், அன்னைக்கு சிலிண்டர் காலி. ஒரு பொறி, அவ்வளவு தான். பக்கத்துல நின்னு பேட்ச் ஷீட்ல எழுதிட்டு இருந்த 26 வயசு கெமிஸ்ட் பையனுக்கு வலது கை, கழுத்து, முகத்துல ஒரு பக்கம் எல்லாம் வெந்துபோச்சு. நான் போனப்ப அந்தப் பையனோட ஐடி கார்ட மேஜை மேல வச்சிருந்தாங்க, பிளாஸ்டிக் உறை ஒரு மூலையில உருகி சுருண்டு போயிருந்துச்சு, ஆனா எழுத்து நல்லா தெரிஞ்சுது, புரொடக்‌ஷன் கெமிஸ்ட்னு.

அதே மேஜையில பாலிசி காப்பியும் இருந்துச்சு. அதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா, மெஷின் ஆபரேட்டரும் ஹெல்ப்பரும் சேர்த்து 15 பேர், ஆபீஸ் ஸ்டாஃப் 9 பேர். கெமிஸ்ட்னு ஒரு வரியே கிடையாது. அந்தப் பையன அந்த 9 ஆபீஸ் ஸ்டாஃப்ல சேர்த்து எழுதிட்டாங்களாம், ஏன்னா மாச சம்பளக்காரர், டிகிரி படிச்சவர், ஆபீஸ் வேலைன்னா பிரீமியம் ரேட்டும் கம்மி. வேணும்னு பண்ணல, ஏஜென்ட் பாரத்த கொண்டுவந்திருக்காரு, அக்கவுன்ட்ஸ்ல இருந்தவங்க பூர்த்தி பண்ணியிருக்காங்க, முதலாளி கையெழுத்து போட்டிருக்காரு, மூணு பேர்ல ஒருத்தர் கூட ரியாக்டர் பக்கம் யார் நிக்குறாங்கன்னு யோசிக்கல. அப்புறம் என்ன, இன்சூரன்ஸ் கம்பெனி இந்த ஆள் எங்க கணக்குப்படி ஆபீஸ்ல தானே இருக்கணும்னு கேள்வி கேட்டுச்சு, மாசக்கணக்கா லெட்டர் போச்சு வந்துச்சு. அந்தப் பையனோட அப்பா ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி பில்ல போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து காட்டுவாரு, பணத்தப் பத்தி கேக்கவே மாட்டாரு, சார் விரல் மடங்க வருமான்னு மட்டும் கேப்பாரு. எனக்கு அதுக்கு பதில் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரி செலவு அந்த பாலிசில வரவே இல்ல. இது நெறைய பேருக்கு தெரியாத விஷயம்ங்க. வேலையில பட்ட அடிக்கு ஆன வைத்தியச் செலவு முழுக்க முதலாளி தான் குடுக்கணும்னு சட்டம் சொல்லுது, ஆனா சாதாரண டபிள்யூ.சி. பாலிசி அதக் குடுக்காது, மெடிக்கல் எக்ஸ்டென்ஷன்னு தனியா கேட்டு, கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கணும். தீக்காயத்துக்கு வாரக்கணக்குல ஐசியூ, அப்புறம் தோல் ஒட்டுற ஆபரேஷன், அப்புறம் பிசியோதெரபின்னு போகும், அந்தப் பையனுக்கு ஆனது 7 லட்சத்துக்கு மேல, எல்லாம் முதலாளி கைக்காசு.

இங்க ஒரு கேள்வி வரும், எங்ககிட்ட தான் ஈஎஸ்ஐ இருக்கே, அப்புறம் எதுக்கு தனி பாலிசின்னு. நான் பாத்த முதலாளிங்க முக்கால்வாசிப் பேர் இதத்தான் முதல்ல சொல்லுவாங்க. ஈஎஸ்ஐ நல்ல திட்டம் தான், வேலையில அடிபட்டா வைத்தியமும் உண்டு, ஊனமானாலோ இறந்துட்டாலோ சராசரி சம்பளத்துல 90 சதவீதம் கணக்குல பணமும் வரும், ஈஎஸ்ஐல இருக்குறவங்க முதலாளிகிட்ட தனியா நஷ்ட ஈடு கேக்கவும் முடியாது. ஆனா மாச சம்பளம் 21,000 ரூபாய் தாண்டிட்டா ஈஎஸ்ஐ கிடையாது. மருந்து கம்பெனில 21,000 தாண்டுறவங்க யாரு, ஷிப்ட் கெமிஸ்ட், மருந்தோட தரம் பாக்குற கியூசி லேப்ல இருக்குறவங்க, பாய்லர் அட்டென்டன்ட், மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஆபத்துக்கு ரொம்பப் பக்கத்துல நிக்குறவங்களே அவங்க தான். நம்ம பையனுக்கு சம்பளம் 24,000.

இப்போ நஷ்ட ஈடு எப்படி கணக்கு போடுறாங்கன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இறந்துட்டா மாச சம்பளத்துல பாதி, முழுசா வேலை செய்ய முடியாமப் போனா சம்பளத்துல 60 சதவீதம், அத வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்கணும். 30 வயசுன்னா அந்த எண் 207.98, 40 வயசுன்னா 184.17. ஆனா சம்பளம் எவ்வளவு அதிகமா இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைக்கும் தான் எடுப்பாங்க, 2020 ஜனவரில வந்த அறிவிப்பு அது, அதுக்கு முன்னாடி வெறும் 8,000. அப்போ 30 வயசுல ஒருத்தர் இறந்துட்டா 7,500-ஐ 207.98-ஆல பெருக்கி 15,59,850 ரூபாய், அவர் 18,000 வாங்கியிருந்தாலும் சரி 60,000 வாங்கியிருந்தாலும் சரி இதே தொகை தான். இது எனக்கு பெரிய அநியாயமாத் தெரியுது, அந்த வரம்ப வருஷா வருஷம் ஏத்தணும்னு நான் எங்க பேசக் கூப்பிட்டாலும் சொல்லிட்டு வரேன், இங்கயும் சொல்றேன்.

பகுதி ஊனத்துக்கு, முழு ஊனத்துக்கு வர்ற தொகையில இத்தனை சதவீதம்னு இருக்கு. கட்டை விரல் போனா 30, ஆள்காட்டி விரல் முழுசா போனா 14, ஒரு கண்ணு போனா 40. மாத்திரைய அட்டையில அடைக்கிற பிளிஸ்டர் மெஷின்ல விரல் மாட்டிக்கிற கேஸ் எல்லாம் இந்தக் கணக்கு தான், ஆள்காட்டி விரல் போன 25 வயசுப் பொண்ணுக்கு சம்பளம் 15,000-ன்னு எடுத்தா சுமாரா 2,73,000 வரும். நம்ம கெமிஸ்ட் பையனுக்கு சம்பாதிக்கிற திறன்ல 30 சதவீதம் போச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு, 5,81,256 ரூபாய் வந்துச்சு. இந்தப் பணம் விபத்து நடந்து ஒரு மாசத்துக்குள்ள குடுக்கணும், இல்லன்னா 12 சதவீதம் வட்டி, தகுந்த காரணம் இல்லாம இழுத்தா அதுக்கு மேல பாதி வரைக்கும் அபராதம். அபராதத்த எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் குடுக்காது, வட்டியும் நெறைய பாலிசில கிடையாது. இந்தக் கேஸ்ல பாலிசில ஆள் தப்பா எழுதினதால தாமதம், தாமதத்தால வட்டி, அந்த வட்டி முதலாளி தலையில விழுந்துச்சு.

இந்த நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ல வந்தது, 2010-ல பேரு மாத்தினாங்க, கிளெர்க் வேலை பாக்குறவங்களையும் அப்போ தான் சேர்த்தாங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து இது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள்ள போயிடுச்சு, கணக்கு போடுற விதம் பெருசா மாறல, ஆனா ரெண்டு விஷயத்த கவனிக்கணும். வீட்டுல இருந்து வேலைக்கு வர்ற வழியிலயும் திரும்பிப் போற வழியிலயும் நடக்குற விபத்து, அதுக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருந்தா, இப்போ வேலை விபத்தாவே எடுத்துக்குவாங்க. நைட் ஷிப்ட் முடிச்சு ஓஎம்ஆர்ல பைக்ல போறவங்க இத ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னொண்ணு, அலவன்ஸ் மொத்த சம்பளத்துல பாதிக்கு மேல போனா பாதிக்கு மேல போன அந்தத் தொகையும் சம்பளமாவே கணக்காகும், அதனால பேசிக்க மட்டும் காட்டி பாலிசி எடுத்தவங்க இந்த ரின்யூவல்ல பாரத்த திருத்தியாகணும்.

அப்புறம் கான்ட்ராக்ட் ஆளுங்க. எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்குற விஷயம் இது தான். வேலை உங்க இடத்துல நடந்தா, ஆள் கான்ட்ராக்டரோட ஆளா இருந்தாலும் நஷ்ட ஈடு முதல்ல உங்ககிட்ட தான் கேக்கலாம், நீங்க குடுத்துட்டு அப்புறமா கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கணும். பாலிசில கான்ட்ராக்ட் ஆளுங்களுக்குன்னு தனி என்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோட சேர்க்குற கூடுதல் ஷரத்து, இல்லன்னா இன்சூரன்ஸ் வராது. நான் ஒரு யூனிட்டுக்கு போனப்ப பாலிசில 18 பேர்னு இருந்துச்சு, மத்தியானம் கேன்டீன்ல கழுவி அடுக்கியிருந்த தட்ட எண்ணிப் பாத்தேன், 61. மீதி 43 பேர் யாருன்னு கேட்டேன், பேக்கிங் பொம்பளைங்க, லோடிங் ஆளுங்க, ஒடிசால இருந்து வந்த ஹெல்ப்பர் பசங்க, ரெண்டு வெல்டர்னு ஒவ்வொண்ணா சொன்னாங்க. ஈஎஸ்ஐ நம்பர் எத்தனை பேருக்கு இருக்குன்னு கேட்டா கான்ட்ராக்டர கேக்கணும்னாங்க.

2025 ஜூன் 30-ல தெலங்கானா பாஷமைலாரத்துல சிகாச்சி கம்பெனில வெடிச்சுது இல்லையா, மாத்திரைக்குள்ள போடுற மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் தயாரிக்கிற இடம். 46 பேர் இறந்தது உறுதியாச்சு, 8 பேரோட உடல் கிடைக்கவே இல்ல. பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம்னு வெளியூர்ல இருந்து வந்தவங்க நெறைய பேர் அதுல. யார் யாருன்னு அடையாளம் தெரியறதுக்கே டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துட்டு குடும்பங்க நாள் கணக்கா கேட் வாசல்லயும் ஆஸ்பத்திரி வாசல்லயும் நின்னாங்க. அதுக்கு முந்தின வருஷம், 2024 ஆகஸ்ட் 21, ஆந்திரா அச்சுதாபுரத்துல எசியன்ஷியா கம்பெனில சால்வென்ட், அதாவது கரைக்கிற திரவம், கசிஞ்சு ஆவியா பரவி வெடிச்சு 17 பேர் போனாங்க, மத்தியானச் சாப்பாட்டு நேரம்ங்கறதால உள்ள ஆள் கம்மி, இல்லன்னா இன்னும் மோசமாயிருக்கும். ரெண்டுலயும் ஒரு கோடி ரூபாய்னு அறிவிச்சாங்க. பெரிய விபத்து, டிவில வந்துச்சு, முதலமைச்சர் வந்தாரு, அதனால ஒரு கோடி. ஆலத்தூர்லயோ கடலூர் சிப்காட்லயோ ராத்திரி ரெண்டு மணிக்கு ஒத்த ஆளுக்கு கை போச்சுன்னா யாரும் வரமாட்டாங்க, அவருக்கு இருக்குறது அந்த பாலிசி ஒண்ணு தான்.

வெடிக்கிறது மட்டும் ஆபத்து இல்லங்க. பெனிசிலின், செஃபலோஸ்போரின் மாதிரி ஆன்டிபயாடிக் பவுடர் கையாளுறவங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா அலர்ஜி ஏறி ஆஸ்துமாவா மாறும். ஞாயித்துக்கிழமை லீவுல நல்லாருக்கும், திங்கக்கிழமை உள்ள போனதும் மூச்சு இழுக்கும், அது தான் அடையாளம். ஹார்மோன் மாத்திரை செய்யுற இடத்துல தூசு உள்ள போய் ஆம்பளைங்களுக்கு மார்பு வீங்குறதும் உண்டு, வெக்கப்பட்டு வெளிய சொல்ல மாட்டாங்க. சட்டத்தோட தொழில் நோய் பட்டியல்ல வேலையால வர்ற ஆஸ்துமா இருக்கு, ரசாயனத்தால வர்ற தோல் நோய் இருக்கு, ஆல்கஹால், கீட்டோன் வகையால வர்ற நோயும் இருக்கு, நாம தினமும் தொடுற ஐபிஏ, அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அசிட்டோன் எல்லாம் அதுல தான் வரும். அந்த வேலையில ஆறு மாசம் தொடர்ந்து இருந்து இந்த நோய் வந்தா, வேலையால வரலன்னு முதலாளி நிரூபிக்காத வரைக்கும் விபத்தாவே எடுத்துக்கணும். டாக்டர்கிட்ட போறப்ப எந்த பவுடர்ல வேலை செய்யுறேன்னு பேரச் சொல்லி சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க, இது ஒண்ண மட்டும் மறந்துடாதீங்க, வெறும் வீசிங்னு எழுதின சீட்ட வச்சுட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது. முதலாளிங்க பாலிசில தொழில் நோய்க்கு கவர் இருக்கான்னு பாருங்க, பல பாலிசில அத தனியா சேர்க்கணும்.

சில பேர் எங்ககிட்ட பப்ளிக் லயபிலிட்டி இருக்கு சார்னு காட்டுவாங்க. அது போபால் விபத்துக்கு அப்புறம் 1991-ல வந்த சட்டத்துக்கான பாலிசி, சுவருக்கு வெளிய இருக்குற ஜனங்களுக்கு, உள்ள வேலை செய்யுறவங்களுக்கு இல்ல. பிரிட்டன்ல 1969-லயே முதலாளிங்க இந்த இன்சூரன்ஸ கட்டாயமா எடுக்கணும்னு சட்டம் போட்டு, சர்டிஃபிகேட்ட வேலையாட்கள் கண்ணுல படுற மாதிரி வைக்கணும்னும் சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல அப்படி ஒட்டச் சொல்லி யாரும் கேக்கறதில்ல, ஆனா ஒட்டினா யாரும் வேணாம்னும் சொல்லப்போறதில்ல.

அந்தக் கெமிஸ்ட் பையன் இப்போ வேற கம்பெனில டாக்குமென்டேஷன் பாக்குறாரு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி தான் மடங்கும், பேனாவ கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல பிடிச்சு எழுதுறாரு. பழைய கம்பெனி முதலாளி போன மாசம் ரின்யூவலுக்கு என்னக் கூப்பிட்டாரு. பாரத்த மேஜை மேல வச்சதும் கையெழுத்து போடல, செக்யூரிட்டிய கூப்பிட்டு கேட் ரிஜிஸ்டர எடுத்துட்டு வரச் சொன்னாரு, ஒரு மாசத்து பக்கத்த ஒவ்வொண்ணா புரட்டி பேரு படிக்கப் படிக்க அக்கவுன்ட்ஸ் பொண்ணு எழுதிச்சு. ராத்திரி ஷிப்ட்ல சென்ட்ரிஃபியூஜ் கழுவ வர்ற ரெண்டு பேர் லிஸ்ட்ல இல்லன்னு அப்போ தான் தெரிஞ்சுது, பேனாவால கீழ சேர்த்து எழுதினோம்.