தலைகீழாய்த் தொங்கிய ஓவியமும் ஒரு சுவரும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வேறொரு விழாவை விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கோடும் கட்டமும் வட்டமுமே ஓவியமான கதையை மூன்றாகப் பிரித்துச் சொல்லப்போகிறேன்: எப்படிப் பிறந்தது, ஏன் பிறந்தது, எங்கே போனது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். அதை நினைவில் வையுங்கள்.

1915 டிசம்பர், ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரம். ஓவியர் காசிமிர் மாலேவிச் ஒரு கறுப்புச் சதுரத்தை வரைந்து, கூரையை ஒட்டிய மூலையில் மாட்டினார். ரஷ்ய வீடுகளில் அது சாமி படத்துக்கான மூலை. படம் பாதி, மாட்டிய இடம் பாதி. சுவர் இருந்தால்தானே ஐயா?

அடுத்தவர் ஹாலந்து ஓவியர் பியெட் மோந்திரியான். மரத்தை வரைந்து வரைந்து கடைசியில் நேர்கோட்டுக்கு வந்து சேர்ந்தவர். 1941-இல் நியூயார்க்கில் சிவப்பு, மஞ்சள், நீல ஒட்டுநாடாக்களைக் கித்தானில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். அந்தப் படம் 1980 முதல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2022-இல் அங்கே பணிபுரிந்த அம்மையார் ஒருவர் சொன்னார்: "இது தலைகீழாகத் தொங்குகிறது!" 1944-இல் வெளியான மோந்திரியானின் ஸ்டூடியோ புகைப்படத்தில், நாடாக்கள் நெருங்கிய பக்கம் மேலே இருந்தது, சுவரிலோ கீழே! சரி, திருப்பிவிடலாமே என்றால் முடியாது. பழைய பசை, நாடா உரிந்து விழுந்துவிடும். அப்படியே விட்டுவிட்டார்கள்.

இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. மறுநாள் காலை கோலம் போட்டு முடித்துவிட்டு என்னை வாசலுக்கு அழைத்தார். "இதற்கு எது மேல், எது கீழ்? சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். நாற்பது ஆண்டு மேடையில் பேசிய வாய், அன்று மூடிக்கொண்டது.

ஏன் பிறந்தது என்பதற்குள் போனால் தலைவர் மணியடித்துவிடுவார். ஆகவே நேராகச் சுவருக்கு வருகிறேன். நம் நூலக மாடியில் வடக்குச் சுவர், நல்ல வெளிச்சம், முன்னால் உடைந்த நாற்காலிகள். அவற்றை ஒழித்து, நம் பிள்ளைகளின் படங்களை மாட்ட இடம் கேட்டு மூன்று மனு கொடுத்தாயிற்று. தலைகீழாக மாட்டினால்கூடப் பரவாயில்லை, மாட்டுவதற்குச் சுவர் வேண்டாமா?

நான்காவது மனு அதோ அந்த மேசையில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேநீர் அருந்தலாம்.