ஆறு முட்டை, ஒரு உழக்கு: எபிரேய லோக் அளவு கையில் சிக்கிவிட்டது!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலோடுதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கிறேன். மரக்கால் வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார், லேவியராகமம் 14-இல் குஷ்டம் நீங்கியவர் கொண்டுவர வேண்டிய ‘ஒரு ஆழாக்கு எண்ணெய்’ நம்ம ஊர் ஆழாக்குதானா என்று. எபிரேயத்தில் அது லோக் என்கிற அளவு. சரி, ஒரு படிக்கு எத்தனை லோக் என்று இணையத்தில் தட்டினேன். ஒரு கன்வெர்ட்டர் 4.4 சொச்சம் என்கிறது, இன்னொன்று 2.5-க்குக் கிட்டே என்கிறது, இதில் இரண்டும் புள்ளிக்கு அப்புறம் ஏழு இலக்கம் வரை அடுக்கிக் காட்டுகின்றன! முதல் இலக்கத்திலேயே அடிதடி, ஏழாவது இலக்கத்தை வைத்து நான் என்ன செய்ய?

ஏன் இப்படி என்றால், லோக்கை நேரே அளக்க முடியாது, 72 லோக் சேர்ந்த ‘பாத்’ என்கிற பெரிய அளவிலிருந்துதான் இறங்கி வர வேண்டும். பழைய யூதா நாட்டு ஊர்களான லாகீசு, தெல் பெய்த் மிர்சிம் இரண்டு இடத்திலும் ‘பாத்’ என்று எழுதிய ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றை வைத்துத் தொல்லியலாளர் ஆல்பிரைட் ஒரு பாத் சுமார் 22 லிட்டர் என்று கணக்குப் போட்டார். முதலாம் நூற்றாண்டில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸோ ஒரு பாத் 72 செக்ஸ்டேரியஸ் பிடிக்கும் என்கிறார். அது ரோமானிய அளவு, அரை லிட்டருக்குச் சற்று மேல், ஆக 39 லிட்டர் வந்துவிடும். சாலொமோன் வார்த்த வெண்கலக் கடல் தொட்டி 2,000 பாத் பிடிக்கும் என்று 1 இராஜாக்கள் 7 சொல்கிறது. ஆல்பிரைட்டை நம்பினால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாலு போதும், ஜோசபஸை நம்பினால் ஆறரை வேண்டும். 2 நாளாகமம் 4-இல் அதே தொட்டிக்கு 3,000 பாத் என்று இருக்கிறது, அந்தப் பஞ்சாயத்துக்கு இன்றைக்கு நான் வரவில்லை.

லிட்டரில்தான் சண்டை, உள்ளே இருக்கிற விகிதம் அசையாது. 12 லோக் ஒரு ஹின், 6 ஹின் ஒரு பாத், 10 பாத் ஒரு கோர். அப்புறம் யூத மரபில் ஒரு லோக் என்பது ஆறு கோழிமுட்டை அளவு. முட்டை! இதைப் படித்ததும் கன்வெர்ட்டரை மூடிவிட்டேன், எலக்ட்ரானிக் தராசு எனக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும், பாத்திரத்தில் ஊற்றிப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

அதற்கு ஒரு பித்தளை உழக்கு வேண்டும், அதாவது இரண்டு ஆழாக்கு, கால் படி. கடைக்காரர் 900 சொன்னார். அடியில் ஈயப்பற்று வைத்திருக்கிறதே என்றேன், அதுதான் பழசுக்கு அடையாளம் என்றார், அப்படியென்றால் ஒழுகுமா என்றேன், தண்ணீர் ஊற்றிக் காட்டினார், ஒழுகவில்லை, நானும் விடவில்லை, 650-க்கு முடிந்தது. 650! இதோ பாருங்கள், விளிம்பில் முத்திரைகூட இருக்கிறது, சற்று தேய்ந்திருக்கிறது, வெளிச்சத்தில் காட்டுகிறேன், தெரிகிறதா?

செய்முறை சுலபம். மூக்கு வைத்த சொம்பில் வழியும் வரை தண்ணீர், பிறகு ஓட்டோடு முட்டைகளை மெதுவாக இறக்க வேண்டும், வழிகிற தண்ணீர்தான் லோக். ஆ, சொல்ல விட்டுப்போனது, புது முட்டையாக இருக்க வேண்டும். பழசு மிதக்கும், என்னிடம் ஒன்று மிதந்து மானத்தை வாங்கியது. வழிந்த தண்ணீரை உழக்கில் ஊற்றினால், விளிம்புக்கு அரை விரற்கடை கீழே நின்றது! அவ்வளவுதான் குறைவு!

அந்தக் குறைவுக்கும் ஒரு கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிராகில் இருந்த ரபி எசேக்கியேல் லண்டாவ், கட்டைவிரல் அகலத்தை வைத்து அளக்கும் கணக்கையும் முட்டைக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்குப் பாதியாக இடிக்கவே, முட்டைதான் காலப்போக்கில் சிறுத்துவிட்டது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் போனவர் இஸ்ரேலின் பினேய் பிராக் ஊரில் இருந்த, ‘ஹசோன் இஷ்’ என்று அழைக்கப்பட்ட ரபி, கால் லோக் என்பது சுமார் 150 மில்லி என்றார். எருசலேமில் இருந்த ஆபிரகாம் ஹயிம் நாயே, இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ் சொன்ன 27 திர்ஹம் (பழைய அரபு எடை) தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அதே கால் லோக் 86 மில்லி என்றார். ஓய்வுநாள் திராட்சரசக் கிண்ணம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் இந்த இரண்டு அளவும் புழக்கத்தில் இருக்கின்றன.

எனக்கு நாயே கட்சிதான் பிடிக்கும், ஏனென்றால் அவர் கணக்கில் லோக் சுமார் 345 மில்லி, நம் உழக்கு 336! இருங்கள், எந்தப் படி என்று சொல்லவே இல்லையே. 1.344 லிட்டர் படி, அதில் எட்டில் ஒன்று ஆழாக்கு, 168 மில்லி. பட்டணம் படி இதைவிடப் பெரிது, அதைக் கலந்தால் எல்லாம் கெட்டது. இந்தக் கணக்கில் ஒரு ஹின் மூன்று படி, ஒரு பாத் பதினெட்டுப் படி. ஆல்பிரைட்டின் 22 லிட்டர் என்றால் இரண்டு மரக்கால், அதாவது பதினாறு படி கொண்ட ஒரு பதக்கு, 21.5 லிட்டர், கிட்டத்தட்ட அச்சாக உட்காருகிறது.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு: அந்த எண்ணெய் நம் ஆழாக்கில் இரண்டு, ஹசோன் இஷ் பக்கம் நின்றால் மூன்றரை. உங்கள் வீட்டில் முத்திரை குத்திய பழைய படி இருந்தால் தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று ஊர் பெயரோடு எழுதுங்கள், பட்டணம் படி வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.