பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியலை எழுதும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ மதிப்பெண் வந்த கையோடு வீட்டுக்கு வீடு ஒரே கணக்குத்தான். கணித மதிப்பெண்ணை அப்படியே வைத்து, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்குக் கட்-ஆஃப். கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 88 என்றால் 92-உடன் 42.5-உம் 44-உம் சேர்ந்து 178.5. இதுவரை யாரும் தவறுவதில்லை. போன ஆண்டு அந்தக் கல்லூரியில் 178-க்கு இடம் கிடைத்தது, நமக்கும் கிடைத்துவிடும் என்று அடுத்து ஒரு முடிவுக்கு வருகிறார்களே, அங்கேதான் சறுக்கல். வினாத்தாள் எளிதாக அமைந்து, முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பெருகிவிட்டால், அதே 178.5 தரவரிசையில் எவ்வளவோ கீழே போய்விடும். ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தரவரிசை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியலில், உங்கள் தரவரிசையை ஒட்டி நின்றவர்களுக்கும், உங்கள் இட ஒதுக்கீட்டு வகுப்புக்கான தரவரிசையில் உங்களை ஒட்டி நின்றவர்களுக்கும் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கிடைத்தது என்று பாருங்கள். அதுவும் உத்தரவாதம் இல்லை. ஆனால் மதிப்பெண்ணைவிட நம்பகமானது.

இனி, சேர விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்தி எழுதும் விருப்பப் பட்டியல். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கணினி உங்கள் முறை வந்ததும் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அதையே தரும். இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. கிடைக்காது என்று தெரிந்தே ஒரு பெரிய கல்லூரியை முதலில் எழுதினாலும் உங்களுக்கு நட்டம் எதுவும் கிடையாது. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் ஒருவர் உங்கள் ஐந்தாவது விருப்பத்தை முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும், அந்த இடம் முதலில் உங்களுக்குத்தான். ஆனால் பயந்துபோய், "நிச்சயம் கிடைக்கும்" என்று ஒரு சுமாரான கல்லூரியை மேலே எழுதிவிட்டால், நிச்சயம் அதுதான் கிடைக்கும். கீழே எழுதிய நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் கணினி அங்கே போகவே போகாது. எனவே வரிசையை ஆசைப்படி எழுதுங்கள். பயத்தைக் காட்ட வேண்டிய இடம் பட்டியலின் நீளம். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம் எனும்போது இருபதோடு நிறுத்துவது வீண் துணிச்சல். கிடைத்தாலும் சேர மாட்டேன் என்கிற கல்லூரியை மட்டும் கடைசியில்கூட எழுதாதீர்கள்.

பெயரை நம்பித் தேர்வு செய்யாமல், ஒவ்வொரு கல்லூரிக்கும் உரிய கலந்தாய்வு எண்ணைச் சரிபாருங்கள். கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006. நீலாம்பூரில் அதே குழுமத்தின் சுயநிதிக் கல்லூரியின் எண் 2377. இரண்டும் தனித்தனிக் கல்லூரிகள். 2006-க்குள்ளேயே அரசு உதவி பெறும் பிரிவும் உண்டு, பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்ட சுயநிதிப் பிரிவும் உண்டு; கட்டணம் வெகுவாக வேறுபடும். மதுரை தியாகராசர், கோவை சி.ஐ.டி. ஆகிய உதவி பெறும் கல்லூரிகளிலும் இதைப் பார்த்தே எழுத வேண்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு பதில் சொல்லக் கிடைப்பது ஓரிரு நாள்தான். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன், மேலே உள்ள விருப்பம் காலியானால் அதற்கு மாற்றுங்கள் என்றும் சொல்லலாம். மறுத்துவிட்டு மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருக்கவும் செய்யலாம். இரண்டாவது வழியில் போகிறவர்கள் குறித்த நாளுக்குள் கலந்தாய்வுச் சேவை மையத்தில் பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் கையில் இருந்த இடமும் போய்விடும். மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். எதற்குமே பதில் சொல்லாமல் விட்டவர்கள்தான் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

சரி, எதை நல்ல கல்லூரி என்பது? விளம்பரப் பலகை முதல் மாணவரைக் காட்டும். நீங்கள் விசாரிக்க வேண்டியது வகுப்பில் நடுவில் நிற்கும் மாணவரை. அவர் எங்கே போகிறார் என்பதுதான் கல்லூரியின் உண்மையான தரம்.

இதற்கு ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகம் 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்வி நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் புள்ளிவிவரம் அவற்றின் இணையதளத்திலேயே கிடைக்கும். முதலாண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், உரிய காலத்துக்குள் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர், நடுமதிப்பு ஊதியம் என்ன என்று வரிசையாக இருக்கும். நடுமதிப்பு என்றால், எல்லாச் சம்பளத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் வருவது. ஒருவர் வாங்கிய 40 லட்சம் அதை அசைக்காது.

பேச்சுக்கு, 300 பேர் சேர்ந்து 190 பேர் காலத்தில் முடித்து 150 பேருக்கு வேலை என்று வையுங்கள். முடித்தவர்களை வைத்துப் பார்த்தால் 79 சதவீதம். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் பாதிப் பேர்தான். விளம்பரத்தில் இதுவே 95 ஆகிவிடும், ஏனென்றால் அங்கே அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம்) இல்லாத "தகுதியானவர்களை" மட்டும் எண்ணுவார்கள். ஒருவருக்கு மூன்று நிறுவனம் வேலை கொடுத்தால் மூன்று என்று எண்ணுவதும் உண்டு. இந்த ஆவணம் கல்லூரி முழுமைக்குமான கணக்கு என்பதால், உங்கள் பிரிவுக்கான பட்டியலைத் தனியாகக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் அமைத்துத் தாங்களே திருத்துகின்றன. அவற்றின் தேர்ச்சியை, பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் தேர்ச்சியோடு ஒப்பிடக்கூடாது. தரத்தை மதிப்பிடும் அமைப்புகளில், நாக் தரும் மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும் உரியது, என்.பி.ஏ. தரும் அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி. "எங்களுக்கு என்.பி.ஏ. உண்டு" என்றால், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்க வேண்டும்.

பிரிவைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2024-25-இல் நீக்கிய பிறகு, கணினிப் பிரிவுகளில் இடங்கள் பெருகிவிட்டன. ஆசிரியர்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. முதல் மாணவர் அணியே இன்னும் படித்து வெளிவராத செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்வதைவிட, நல்ல கல்லூரியில் மின்னியல் அல்லது மின்னணுவியல் எடுப்பது பாதுகாப்பானது.

நேரில் போனால் முகப்புக் கட்டடத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ஆய்வகத்தில், மின் அலைகளைத் திரையில் காட்டும் ஒரு அலைக்காட்டியைச் சுற்றி எத்தனை மாணவர் நிற்கிறார்கள்? அது ஓடுகிறதா, உறை போட்டு மூடியிருக்கிறதா? வாசல் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம், "இந்த ஆண்டு எத்தனை ஆசிரியர் விட்டுப் போனார்கள்?" என்று கேட்டால், சேர்க்கை அலுவலகம் சொல்லாதது தெரிந்துவிடும்.

கட்டணத்தை நான்கு ஆண்டுக்குச் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள்: கல்விக் கட்டணம், பேருந்து, விடுதி, உணவு, தேர்வு, பயிற்சி என்று தனித்தனியாக. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு, விலகுவதற்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தம் செய்யக்கூடாது, அசல் சான்றிதழ்களைத் தடுத்து வைக்கக்கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி.

சேர்ந்தாயிற்று. முதல் இரண்டு பருவம்தான் பலரைக் கவிழ்க்கிறது. காரணம் பெரும்பாலும் பொறியியல் கணிதம். பள்ளியில் ஓராண்டில் திரும்பத் திரும்பப் படித்த அளவுக்கான பாடம் இங்கே நான்கே மாதத்தில் ஓடிவிடும். முதல் உள்தேர்வுக்கு முன்பே ஐந்தாண்டு வினாத்தாள்களை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகவிடாதீர்கள். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களில் பல, அரியர் இருந்தாலே பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடும். 60 சதவீத மதிப்பெண்ணாவது வேண்டும் என்ற வரம்பும் சாதாரணம்.

இரண்டாம் ஆண்டிலிருந்து ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல். பாடம் பருவத்துக்கு ஒன்று போதும். காணொலி இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் நேரில் தேர்வு எழுத வேண்டும், மொத்த மதிப்பெண்ணில் அதற்கு 75 சதவீதம், வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 சதவீதம். ஒப்படைப்புகளை நண்பரிடம் பார்த்து எழுதியவர்கள் தேர்வு அறையில் மாட்டிக்கொள்கிறார்கள். மேற்படிப்பு எண்ணம் இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே எம்.டெக். போன்றவற்றுக்கான கேட் தேர்வை எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஆக, அந்தத் தேர்வு சரியாக அமையாவிட்டாலும் இறுதியாண்டில் இன்னொரு வாய்ப்பு இருக்கும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் திறக்கும்.

வணக்கம்.